நடுப்பக்கத்தில் ஏன் கொட்டாவி வருகிறது?

பண்ணை வீடொன்றில் வளரும் பெற்றோரில்லாச் சிறுவன். அவன் அரச வாரிசு என்பது நமக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. அவனுக்குத்தான் நான்காம் பாகம் வரை தெரிவதில்லை. அவ்வப்போது பண்ணைக்கு வந்துபோகும் கதைசொல்லிக் கிழவர் உண்மையில் 7,000 வயது மந்திரவாதி. எங்கோ ஒரு மந்திரக்கல் களவு போகிறது. கிழவர், சிறுவன், அவனை வளர்த்த அத்தை, ஒரு கொல்லர், ஒரு முரட்டு வீரன், நாக்கும் கையும் நீளமான ஓர் ஒற்றன் என்று சிறு கூட்டம் கள்வனைத் தேடிக் கிளம்புகிறது. நூலின் தொடக்கத்திலேயே வரைபடம் இருக்கிறது. 'இதில் உள்ள நாடுகள் அத்தனைக்கும் இவர்கள் போவார்கள்போல' என்று வாசகர் நினைக்கிறார். அநேகமாகப் போகிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் டேவிட் எடிங்ஸ் 1982 முதல் 1984 வரை 5 பாகங்களாக வெளியிட்ட 'பெல்கேரியட்' நாவலின் கதை இது. ஆங்கிலத்தில் ஃபேன்டஸி நாவல் படிப்பவர்கள் பலருக்கும் பதின்பருவத்தில் கைக்கு வந்த நூல். எளிய மொழி, குறும்பான உரையாடல், சில பக்கங்களுக்கு ஒருமுறை ஓர் ஆபத்து. முதல் பாகம் ஒரே மூச்சில் ஓடிவிடும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எங்கோ ஓரிடத்தில் வேகம் குறைகிறது. புத்தகம் பிடிக்காமல் போய்விடவில்லை. யாராவது கேட்டால் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்றே சொல்வோம். ஆனால் மேசையில் கிடக்கும் அதை எடுக்கக் கை போவதில்லை.

இந்த நிலை எடிங்ஸுக்கு மட்டும் உரியதல்ல. விறுவிறுப்பும் வேடிக்கையும் இருந்தும், ஒரே வார்ப்பில் ஓடும் எந்தச் சாகசக் கதைக்கும் இது நேரலாம். இதை வாசகரின் சோம்பல் என்றோ, 'இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமையில்லை' என்றோ தள்ளிவிடுவது எளிது. ஆனால் கடந்த நூறாண்டுகளில் நாட்டார் கதை ஆய்வாளர்களும் உளவியலாளர்களும் நரம்பியலாளர்களும் தனித்தனியே கண்டறிந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. கதையின் மீதான நம் ஆர்வம், அதிலிருந்து நாம் புதிதாகக் கற்கும் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ஃபார்முலா கதை தன்னை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்ள விட்டுவிடுகிறது. கற்று முடிந்த இடம் பெரும்பாலும் புத்தகத்தின் நடுவில் வருகிறது.

31 கண்ணிகள்

கதைகளுக்கு வார்ப்பு உண்டு என்பதை முதன்முதலாக முறைப்படி காட்டியவர்களில் ஒருவர் ரஷ்ய அறிஞர் விளாதிமிர் ப்ராப். ரஷ்ய மாயக்கதைகள் 100ஐ எடுத்து, பாத்திரங்களின் பெயர்களையும் வேடங்களையும் உரித்தெறிந்துவிட்டு, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தார். 1928இல் வெளியான அவருடைய நூலின்படி, எல்லாக் கதைகளும் 31 செயல்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வீட்டிலிருந்து ஒருவர் போகிறார், தடை விதிக்கப்படுகிறது, தடை மீறப்படுகிறது, தீயவன் கேடு செய்கிறான், நாயகன் புறப்படுகிறான், ஒருவர் அவனைச் சோதித்து மந்திரப் பொருள் தருகிறார், போர், வெற்றி, திரும்பி வருதல், கடைசியில் திருமணமும் அரியணையும். எல்லாக் கதையிலும் எல்லாச் செயலும் இராது. இருப்பவை ஏறக்குறைய இதே வரிசையில் வரும்.

ப்ராப் கண்டுபிடித்ததை அமெரிக்க மலிவு இதழ்களின் எழுத்தாளர்கள் தொழிலாகவே செய்தார்கள். 'டாக் சாவேஜ்' கதைகளை எழுதிக் குவித்த லெஸ்டர் டென்ட், 6,000 சொல் கொண்ட சாகசக் கதையைத் தலா 1,500 சொல்லாக நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் நாயகனுக்கு எப்போது என்ன தொல்லை தரவேண்டும் என்று திட்டமே வகுத்து வைத்திருந்தார். பிரிட்டிஷ் எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் தன் தொடக்க காலத்தில் இதையே தழுவி மூன்றே நாளில் ஒரு ஃபேன்டஸி நாவலை எழுதி முடித்ததாகச் சொல்லியிருக்கிறார்.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55இல் வந்தது. 1960களின் நடுவில் அது மலிவுப் பதிப்பாக அமெரிக்காவில் பரவியதும், அதே மாதிரி இன்னொன்று கேட்டு வாசகர் கூட்டம் காத்திருந்தது. 1977இல் டெரி புரூக்ஸின் 'ஸ்வோர்ட் ஆஃப் ஷனாரா' வெளியாகி விற்பனைப் பட்டியலில் ஏறியபோது சந்தை உறுதியாகிவிட்டது. டோல்கீனின் நாவல் 78ஆம் அச்சில் இருப்பதை ஒரு புத்தகக் கடையில் பார்த்துத்தான் தனக்கு இந்தப் பக்கம் நாட்டம் வந்தது என்று எடிங்ஸே எழுதினார். 1998இல் வந்த 'ரிவன் கோடெக்ஸ்' நூலில் ஒரு காவிய ஃபேன்டஸிக்கு வேண்டிய சரக்குகளைப் பட்டியலே போட்டிருக்கிறார்: ஒரு சமயம், ஒரு தேடல், ஒரு மந்திரப் பொருள், ஒரு நாயகன், ஒரு மந்திரவாதி, ஒரு நாயகி, ஒரு வில்லன், ஒரு கூட்டாளிக் குழு. ஒளிவுமறைவு ஏதுமில்லை.

இந்த உலகங்களின் ஒரேமாதிரித் தன்மையை எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1996இல் சுற்றுலாக் கையேடு வடிவில் கிண்டலடித்தார். அந்த மாய நாட்டில் எங்கு போனாலும் சாப்பாட்டுக்கு ஒரே இறைச்சிக் குழம்புதான். குதிரைகளோ நாள் முழுக்க ஓடினாலும் களைப்பதில்லை. படித்துச் சிரித்தவர்கள் தொடர்ந்து அந்த நாவல்களையும் வாங்கினார்கள். ஆகவே ஃபார்முலா என்பதே குற்றமல்ல. நம்மைப் புத்தகத்துக்குள் இழுத்துவந்ததே அதுதான். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு மூளைக்குள் போகவேண்டும்.

அடுத்த சொல்லை ஊகிக்கும் மூளை

'சூடான இட்லியைச் சட்னியில் தொட்டுத் தின்றான்' என்று படித்தால் கண் தங்காமல் போகிறது. 'சூடான இட்லியைக் காலுறையில் தொட்டுத் தின்றான்' என்றால் ஒரு கணம் இடறுகிறது. இந்த மாதிரி வாக்கியங்களை ஆங்கிலத்தில் கொடுத்து, வாசகர்களின் மண்டையில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தவர்கள் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட். பொருந்தாத சொல் கண்ணில் பட்டு ஏறத்தாழ 400 மில்லிநொடியில் மூளையின் மின்னழுத்தத்தில் தெளிவான சரிவு தெரிந்தது. 1980இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின் வந்த பல நூறு சோதனைகளும் உறுதிசெய்தது ஒன்றைத்தான்: வாசிக்கும் மூளை வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை. முன்னே ஓடி எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. சொல்லுக்கு நடப்பது காட்சிக்கும் அத்தியாயத்துக்கும் நடக்கிறது.

இந்த எதிர்பார்ப்புக்கும் ஆர்வத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியவர் நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ். குரங்குகளின் நடுமூளையில் டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்களை அவர் பதிவுசெய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துடித்தன. பிறகு, சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும்படி செய்தார். குரங்கு அதைக் கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்குக்கு இடம்மாறிவிட்டது. சாறு வந்தபோது அணுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான துடிப்புகூடக் குறைந்தது. 1997இல் பீட்டர் தயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் ஷூல்ட்ஸ் எழுதிய கட்டுரை இதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தது. டோபமின் பரிசை அளப்பதில்லை; கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கணிப்புப் பிழை என்கிறார்கள்.

குரங்கின் பழச்சாற்றிலிருந்து நாவல் வாசிப்புக்கு ஒரே தாவாகத் தாவிவிட முடியாது. என்றாலும் கணக்கு பொருந்திவருகிறது. முதல் முறை காட்டுக்குள் பதுங்கித் தாக்கும் எதிரிகள் வரும்போது நமக்குக் கணிப்பு ஏதுமில்லை. ஐந்தாம் முறை, 'காடு அமைதியாக இருந்தது' என்ற வரியிலேயே சண்டையின் முடிவு வரை தெரிந்துவிடுகிறது. விளக்கு எரிந்தாயிற்று. சாறு வந்து சேரும்போது சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

பிடித்தல் வேறு, நாட்டம் வேறு

'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எடுக்கத் தோன்றவில்லை' என்பது முரண்போலத் தோன்றும். பிடித்த ஒன்றின் மேல் நாட்டம் எப்படி இல்லாமல் போகும்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகள் இந்த முடிச்சை அவிழ்க்கின்றன.

எலியின் நாக்கில் இனிப்பு பட்டால் அது உதட்டை நக்கிக்கொள்ளும், குழந்தையும் அப்படித்தான். பிடித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். 1980களின் இறுதியில் பெரிட்ஜும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிகளின் மூளையில் டோபமின் ஏறக்குறைய முழுதும் அற்றுப்போகும்படி செய்தார்கள். அந்த எலிகள் பக்கத்தில் இருந்த உணவைக்கூடத் தேடிப் போய்த் தின்னவில்லை. ஆனால் இனிப்பை நாக்கில் விட்டால் முன்போலவே சப்புக்கொட்டின. ரசிக்கும் திறன் அப்படியே இருந்தது; தேடிப்போகும் உந்துதல்தான் அற்றுப்போயிருந்தது. பிடித்தலும் நாட்டமும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்ற முடிவுக்கு பெரிட்ஜ் வந்தது இப்படித்தான்.

அலுத்துப்போன வாசகர் டோபமின் இழந்த எலி அல்ல. ஆனால் அவர் உணரும் பிளவு இதே கோட்டில்தான் விழுகிறது. புத்தகத்தைத் திறந்தால் அந்த ஒற்றனின் நக்கலுக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. மூடிய பிறகு, 'அடுத்து என்ன?' என்ற இழுப்பு இல்லை. எதிர்பாராததைத் தருவது நின்றுபோனால் முதலில் தளர்வது நாட்டம்தான். ரசனை பின்னும் நெடுநேரம் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் அலுப்போடு ஒரு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது: நல்ல புத்தகத்தை நாம்தான் கைவிடுகிறோமோ?

மிக எளிதும் வேண்டாம், மிகக் கடினமும் வேண்டாம்

எவ்வளவு புதுமை போதும்? டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேனியல் பெர்லைன் 1960களிலும் 70களிலும் இதைத்தான் ஆராய்ந்தார். புதுமையும் சிக்கலும் கூடக்கூட ரசனை ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் இறங்குகிறது. நடுவில் மேடிட்ட வளைகோடு. முற்றும் தெரிந்தது அலுக்கும், முற்றும் தெரியாதது மிரட்டும்.

இது பெரியவர்களின் பழக்கம் மட்டுமல்ல. செலஸ்ட் கிட், ஸ்டீவன் பியான்டடோசி, ரிச்சர்ட் ஆஸ்லின் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 7, 8 மாதக் குழந்தைகளுக்குத் திரையில் பொருட்கள் தோன்றி மறையும் காட்சிகளைக் காட்டினார்கள். அடுத்து என்ன வரும் என்று மிகத் தெளிவாகத் தெரியும்போதும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கொஞ்சமும் ஊகிக்க முடியாதபோதும் திருப்பிக்கொண்டன. ஓரளவு ஊகிக்க முடிந்தவற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. கற்பதற்கு ஏதோ இருக்கும் இடத்தில்தான் கவனம் தங்குகிறது. பேச்சு வராத வயதிலேயே மூளை இந்தக் கணக்கைப் போடத் தொடங்கிவிடுகிறது.

இப்போது 'பெல்கேரியட்'டுக்குத் திரும்புவோம். முதல் பாகம் கற்றலால் நிரம்பியது. ஏழு தெய்வங்கள், அவர்களுக்குள் பழைய பகை, அவர்களில் ஆறு பேருக்கு ஆளுக்கொரு மக்கள் கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குணம். மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு விதி: மனவலிமையைத் திரட்டி ஒரு சொல்லால் வெளியே விடவேண்டும். இவை எல்லாம் ஒவ்வொன்றாய் அவிழும்போது வாசகர் ஒரு புது உலகத்தின் இலக்கணத்தைப் படிக்கிறார். அந்த இலக்கணமோ எளியது. ஒரு நாட்டவர் என்றால் முரடர், ஒரு நாட்டவர் என்றால் பணத்தாசை, இன்னொரு நாட்டவர் வீரத்தில் மிஞ்சியவர், புத்தியில் குறைந்தவர். இரண்டு பாகத்தில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. அதன்பின் புது நாடு வரலாம், புது அரசர் வரலாம், புது எதிரி வரலாம். புது விதி வருவதில்லை. நிகழ்ச்சிகள் நடந்துகொண்டே இருக்கின்றன, பாடம் மட்டும் முடிந்துவிட்டது.

முடிவு தெரிந்தால் அலுக்குமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முடிவு தெரிந்த கதைகளை நாம் ரசிப்பதில்லையா? வடதமிழ்நாட்டில் 'கர்ண மோட்சம்' கூத்து பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்குக் கர்ணன் சாகப்போவது தெரியாது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜோனத்தன் லெவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 2011இல் இதைச் சோதித்தார்கள். சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது, முடிவு தெரிந்தவர்களே சராசரியாக அதிகம் ரசித்தார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில் இதற்கு எதிரான முடிவும் வந்திருக்கிறது. ஆகவே முடிவை முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்று சொல்லிவிட முடியாது. முடிவு தெரிவது மட்டுமே கதையைக் கொன்றுவிடாது என்று சொல்லலாம்.

கூத்தில் முடிவு தெரியும், ஆனால் இன்றிரவு கர்ணன் வேடம் கட்டியவர் பொன்னுருவியோடு எப்படி வாதாடுவார், எந்தப் பாட்டை எங்கே இழுப்பார், கட்டியங்காரன் ஊர் வம்பை எப்படி நுழைப்பான் என்பது தெரியாது. கணிப்புப் பிழை கதையை விட்டுவிட்டு நடிப்பிலும் குரலிலும் குடியேறிவிடுகிறது. பி.ஜி. வுட்ஹவுஸின் நகைச்சுவை நாவல்களில் கதைப்பின்னல் எல்லாம் ஒன்றுபோல இருந்தும் அலுக்காததற்குக் காரணம், ஒவ்வொரு வாக்கியமும் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாததுதான்.

விக்கிரமாதித்தன் கதையில் இந்த ஏற்பாடு இன்னும் வெளிப்படை. பிணத்தைத் தோளில் போட்டு நடக்கிறான், வேதாளம் கதை சொல்கிறது, கேள்வி கேட்கிறது, அவன் பதில் சொல்கிறான், மௌனம் கலைகிறது, வேதாளம் முருங்கை மரம் ஏறுகிறது. சட்டகம் அச்சுப்பிசகாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு புதிய நியாயச் சிக்கல் இருக்கிறது. அம்புலிமாமா வாசகர்கள் பல பத்தாண்டுகள் அதை முதலில் புரட்டியதற்கு முருங்கை மரம் காரணமல்ல, புதிரே காரணம். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதைகளும் இந்த வகைதான்: சட்டகம் பழையது, புதிர் புதியது. சாகச ஃபேன்டஸியில் பலசமயம் சட்டகம் மட்டுமே இருக்கிறது.

'இன்னொரு சண்டை' என்னும் பெயர்

அலுப்பில் இன்னொரு கூறும் உண்டு. நரம்பியலாளர் எரிக் கண்டெல் கடல் முயல் என்னும் ஓடில்லா நத்தையின் குழல் உறுப்பை மெல்லத் தொட்டார். உடனே அது செவுளை உள்ளிழுத்தது. திரும்பத் திரும்பத் தொட்டபோது இழுப்பது குறைந்துகொண்டே வந்தது. தொடுதலை உணரும் நரம்பணுக்கள் அடுத்த அணுவுக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைந்ததே காரணம் என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். சுமார் 20,000 நரம்பணுக்களே உள்ள உயிரி, தீங்கற்றதும் திரும்ப வருவதுமான ஒன்றைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. நினைவு பற்றிய இந்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

மனிதருக்குப் பழகிப்போவதில் ஒரு வசதி இருக்கிறது. எதை 'அதே' என்று கொள்வது என்பதை நம் மனமே முடிவுசெய்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜோசஃப் ரெடன் 2008இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்களுக்கு 22 ஜெல்லி மிட்டாய்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஒரு சாராருக்குத் திரையில் 'மிட்டாய்' என்று பொதுப்பெயர் மட்டும் தெரிந்தது. மறுசாராருக்குச் செர்ரி, ஆரஞ்சு என்று சுவையின் பெயர் தெரிந்தது. தின்றது ஒரே வகை மிட்டாய்கள்தான். ஆனால் சுவையின் பெயரைப் பார்த்தவர்களுக்குத் திகட்டல் குறைவு.

நாவலின் நடுவில் நேர்வது இதன் மறுபக்கம். தொடக்கத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் நம் மனத்தில் தனிப்பெயர் இருக்கிறது: பனிக்கோட்டையில் நடந்த சூழ்ச்சி, பாம்பு அரசியின் மாளிகை, சேற்றுக்காட்டுப் பயணம். வார்ப்பு பிடிபட்டதும் எல்லாம் பொதுப்பெயருக்குள் விழுகின்றன: இன்னொரு சண்டை, இன்னொரு சிறைபிடிப்பு, இன்னொரு தப்பித்தல். அந்த 'இன்னொரு' நாக்கில் ஏறிய கணமே திகட்டல் தொடங்கிவிடுகிறது. மேலோட்டமாகப் புரட்டும் பழக்கமும் அப்போதே வருகிறது. வேகமாகப் புரட்டினால் தனித்தன்மைகள் இன்னும் குறைவாகவே கண்ணில் படும். அலுப்பு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

நடுவின் கணக்கு

ஏன் நடுவில்? கதைக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. உணவை நோக்கி ஓடவிடப்பட்ட எலிகள் அதை நெருங்க நெருங்க வேகம் கூட்டுவதை உளவியலாளர் கிளார்க் ஹல் 1930களில் பதிவுசெய்தார். இலக்கு கண்ணுக்குத் தெரிந்தால் கால் தானாக வேகமெடுக்கும். 2011இல் ஆண்ட்ரியா பொனெட்சி உள்ளிட்ட மூவர் செய்த ஆய்வு இதில் ஒரு திருத்தம் சேர்த்தது. வேலையின் தொடக்கத்தில் 'எவ்வளவு முடித்தோம்' என்று பார்க்கிறோம்; முடிவை நெருங்கும்போது 'எவ்வளவு மிச்சம்' என்று பார்க்கிறோம். பத்தாம் பக்கத்திலிருந்து இருபதுக்குப் போனால் படித்தது இரட்டிப்பாகிறது. கடைசி இருபது பக்கத்தில் பத்தைப் படித்தால் மிச்சம் பாதியாகிறது. நடுவில் 300இலிருந்து 310க்குப் போனால் இரண்டு கணக்கிலும் ஒன்றும் அசைவதில்லை. ஊக்கம் குழிவிழும் இடம் அது.

கதையின் பாடம் தீர்ந்துபோகும் இடமும் இந்தக் குழியும் ஒரே பக்கத்தில் சந்தித்துக்கொள்வது ஃபார்முலா நாவலின் துரதிர்ஷ்டம்.

நல்ல எழுத்தாளர்களுக்கு இந்தக் குழி தெரிந்தே இருந்தது. டோல்கீன் முதல் பாகத்தின் முடிவில் தன் பயணக் குழுவையே உடைத்துச் சிதறடித்தார். வெவ்வேறு நிலம், வெவ்வேறு வகை ஆபத்து. உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசையில் 1971இல் வந்த இரண்டாம் நூல், முதல் நூலின் நாயகனை விட்டுவிட்டு, இருண்ட கல்லறைகளின் பூசாரியாக வளர்க்கப்படும் ஒரு சிறுமியிடம் தொடங்குகிறது. நாயகன் நூலின் நடுவில்தான், அதுவும் அவள் கண்ணுக்குத் திருடனாக, வந்து சேர்கிறான். கற்று முடிக்கும் தருணத்தில் இருவருமே புதுப் பாடத்தைத் திறந்தார்கள்.

எடிங்ஸ் வேறு வழியில் போனார். 1987 முதல் 1991 வரை எழுதிய அடுத்த ஐந்து பாகங்களிலும் பழைய வார்ப்பே திரும்ப வந்தது. 'இதெல்லாம் முன்பே நடந்ததுபோல இருக்கிறதே' என்று பாத்திரங்களே பேசிக்கொள்கிறார்கள். பிரபஞ்சம் ஓரிடத்தில் சிக்கி, அதே நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்ப நடத்துகிறது என்று கதைக்குள்ளேயே விளக்கமும் தரப்படுகிறது. கெட்டிக்காரத்தனமான சமாளிப்பு. ஆனால் ஒரே மாதிரி என்று ஒப்புக்கொண்டதால் புதுமை வந்துவிடுவதில்லை. ராபர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கிய 14 பாக 'வீல் ஆஃப் டைம்' வரிசையின் நோய் இதற்கு நேர்மாறானது. உலகம் சிக்கலானது, கற்க ஏராளம் உண்டு, ஆனால் ஏழாவது முதல் பத்தாவது வரையான பாகங்களில் கதை நகரவே மறுக்கிறது. அந்தப் பகுதியை அதன் தீவிர வாசகர்களே 'இழுவை' என்ற பொருள்படும் செல்லப்பெயரால் குறிப்பிடுகிறார்கள். ஒன்றில் நிகழ்ச்சி உண்டு, பாடம் இல்லை. மற்றதில் பாடம் உண்டு, நிகழ்ச்சி இல்லை. இரண்டுக்கும் விலை நடுப்பக்கத்தில்தான் கட்டவேண்டியிருக்கிறது.

வாசகர் என்ன செய்யலாம்?

முதல் மருந்து, நிறுத்தி நிறுத்திப் படிப்பது. பழகிப்போன நரம்பு ஓய்வு கொடுத்தால் பழைய கூர்மைக்குத் திரும்பும். கண்டெலின் கடல் முயலும் அப்படித்தான் மீண்டது. லீஃப் நெல்சனும் டாம் மேவிஸும் 2008இல் காட்டியது இது: இனிய அனுபவங்களை நடுவில் சற்று நிறுத்தித் தொடர்ந்தால் மொத்தத்தில் அதிகம் ரசிக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், முன்கூட்டிக் கேட்டால் நிறுத்தாமல் அனுபவிப்பதே மேல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மறு ஆண்டு ஜெஃப் கலாக்குடன் சேர்ந்து செய்த சோதனைகளில், நாம் திட்டித் தீர்க்கும் விளம்பர இடைவேளைகூடத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மீதான ரசனையைக் கூட்டக்கூடும் என்று தெரிந்தது.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்தபோது, இந்த இடைவேளையை அச்சகமே வாசகர்களுக்குக் கொடுத்தது. அத்தியாய முடிவின் கொக்கி ஒரு வாரம் மனத்தில் தொங்கியது. இன்று ஐந்து பாகத்தையும் ஒரே விடுமுறையில் விழுங்குகிறவருக்கு அதே கொக்கி அடுத்த நிமிடமே அவிழ்ந்துவிடும்; ஐம்பது முறை அவிழ்ந்தபின் அது கொக்கியாகவே தெரியாது. தொடருக்காக எழுதப்பட்ட எதையும் தொடராகவே படிப்பது நல்லது. ஐந்து பாகம் கொண்ட ஃபேன்டஸிக்கு நடுவே வேறு வகைப் புத்தகம் இரண்டைச் செருகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 'இன்னொரு சண்டை' என்று தோன்றும்போது வேகத்தைக் கூட்டாமல் குறைப்பது. இந்தச் சண்டையில் யார் பயப்படுகிறார், யார் பொய் சொல்கிறார், முன்பு செய்யாத எதை இப்போது செய்கிறார் என்று தேடிப் பாருங்கள். தனிப்பெயர் சூட்ட ஏதாவது கிடைத்தால் திகட்டல் தணியும். கிடைக்கவே இல்லையென்றால் குறை உங்களிடம் இல்லை என்பது உறுதியாகிவிடும்.

அப்போது மூன்றாவது வழி: மூடிவைப்பது. இங்கேதான் மனம் முரண்டு பிடிக்கும். ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கின் பருவச் சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். யாருக்குத் தள்ளுபடி என்பது தற்செயலாக அமைந்தது. பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் பிடித்ததா இல்லையா என்பதைவிட, கொடுத்த காசு அவர்களை இழுத்துவந்தது. 'இவ்வளவு படித்துவிட்டோமே' என்று மீதி 400 பக்கத்தை இழுத்துக்கொண்டு நடப்பதும் அதே கணக்குத்தான். படித்த 300 பக்கத்தின் இன்பம் ஏற்கெனவே உங்களுக்குக் கிடைத்துவிட்டது; மீதியைப் படிக்காததால் அது திரும்பிப் போகாது.

பாதியில் நின்ற புத்தகம் தோற்ற வாசகரின் அடையாளமல்ல. பல நேரம், அந்தப் புத்தகத்தின் வார்ப்பை அதன் ஆசிரியர் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கற்றுக்கொண்ட வாசகரின் அடையாளம். ஆர்வம் வற்றினால் முதலில் சில வாரம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள். திரும்பி வந்தும் அதே 'இன்னொரு' என்ற சொல் முன்னால் நின்றால், தயங்காமல் அடுத்த புத்தகத்தை எடுங்கள்.